நிறம் பூசினால் டவர் எடுக்குமா?

'சிக்னல் இல்லை' என்று நம்ம பக்கம் யாரும் சொல்வதில்லை. 'டவர் எடுக்கல' என்றுதான் பேச்சு. அது எங்கெங்கே எடுக்கும் என்று காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன டிராயின் 2024 சேவைத் தர விதிகள். நல்ல விதிதான். ஆனால் நெடுங்காடு மாதிரி ஊரை வைத்து யோசித்தால் அதன் குறை புரியும். வரைபடம் ஊரைக் காட்டும். வீட்டுக்குள்ளே என்ன நிலைமை என்று காட்டாது.

காரைக்கால் பகுதி தட்டையான வயல்வெளி. மறைக்க மலை கிடையாது. வெளியே அலை தாராளமாகப் பரவும். தடுப்பது நம்ம வீடுதான். கான்கிரீட் சுவர் அலையை விழுங்கும், தகரக் கூரை திருப்பி அனுப்பும்.

எவ்வளவு தடுக்கும் என்பது அலைவரிசையைப் பொறுத்தது. இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிறது, 700-லும் உண்டு. ஒரே தூரம், ஒரே வகை ஆண்டெனா, நடுவே தடையில்லை என்று வைத்துக்கொண்டால், 700-இல் வந்து சேரும் திறனில் 25-இல் ஒரு பங்குதான் 3,500-இல் வரும். சுவர் தின்பது தனிக் கணக்கு. டவரில் நிறைய ஆண்டெனாக்களை வைத்து அலையைக் குவித்து, இதை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். ஆனால் பேச்சு ரெண்டு பக்கமும் போகணுமே? டவர் பத்துக்கணக்கான வாட்டில் பேசுகிறது. போனுக்கு அதிகபட்சம் சுமார் 0.2 வாட்தான். அது சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. கோடு ரெண்டு இருந்தும் கால் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கோடுகளுக்கும் பொது அளவுகோல் கிடையாது. 2010-இல் ஐபோன் 4 சர்ச்சையின்போது, கோடு போடும் சூத்திரமே தவறு என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் அமைப்புகளில் டிபிஎம் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 4ஜியில் மைனஸ் 85 நல்லது, மைனஸ் 115 என்றால் இழுபறி.

ஆகவே '4ஜியா 5ஜியா' என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த அலைவரிசை, எந்த அறை என்றும் கேட்கணும். சுவருக்கென்று 20 டெசிபெல் கழித்து, 'வெளியே மட்டும்', 'உள்ளேயும்' என்று வரைபடத்தில் இரண்டு நிறம் காட்டலாம். சுவர் இழப்பைக் கழிப்பது பொறியாளர்களுக்குப் புதிதல்ல, டவர் திட்டமிடும்போது செய்வதுதான். ராத்திரியில் 108-ஐக் கூப்பிடுகிறவர் வயல்வெளியில் நிற்கமாட்டார். நோயாளி பக்கத்தில், உள்ளறையில் இருப்பார்.