உறுதி இல்லாத கடை

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில் திகன, தெல்தெனிய கடந்து மேலேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். இங்கே பிரியும் கிளைவீதி லூல்வத்தை வழியாக மீமுரேவுக்குப் போகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மலை பார்க்க வருகிறவர்கள் இந்தச் சந்தியில் வாகனத்தை நிறுத்தி, ஒரு பிளேன்டீ குடித்து, வழிக்கு ரோல்ஸோ வடையோ கட்டிக்கொள்கிறார்கள். மற்ற நாட்களில் தோட்டத்துச் சனமும் பாடசாலைப் பிள்ளைகளும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும்தான் வாடிக்கை.

இந்தச் சந்தியில் சாப்பாட்டுக் கடை போட நினைக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கட்டாரில் ஐந்தாறு வருடம் உழைத்துச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். அவர் முன்னே இரண்டு வழிகள். தன் பெயரைப் பலகையில் எழுதித் தானே தொடங்குவது ஒன்று. ஊரறிந்த ஒரு பெயரைக் கட்டணம் கொடுத்து வாங்கி, அதன்கீழ் கடை நடத்துவது மற்றது. பிரான்சைஸ் என்று சொல்லப்படும் இந்த இரண்டாம் வழியின் இலாப நட்டத்தை இவருடைய இடத்தில் நின்றுதான் எடைபோட வேண்டும். பெரிய கம்பனியின் கணக்கு இவருக்குப் பொருந்தாது.

முதலில் ஒரு மயக்கம் தெளியவேண்டும். வெளிநாட்டுப் பெயர்களின் கதவு இவருக்குத் திறந்தே இல்லை. இலங்கையில் கே.எஃப்.சி கார்கில்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பேர்கர் கிங்கைக் கொண்டுவந்தது சொஃப்ட்லொஜிக். பீட்சா ஹட்டை இந்தியாவின் சஃபயர் ஃபூட்ஸ் குழுமமும் டொமினோஸை ஜூபிலன்ட் ஃபூட்வேர்க்ஸும் நடத்துகின்றன. நாட்டையே ஒரே கையில் கொடுப்பதுதான் வழக்கம். கார்கில்ஸுக்கு அது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஃபூட் சிட்டிக் கிளைகள் ஏற்கெனவே அதனிடம் இருந்தன. வாங்கிய பெயர் அந்த அத்திவாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. நம்மவருக்குக் கிடைக்கக்கூடியது உள்நாட்டுப் பெயர்தான். 1902இல் தொடங்கிய பெரேரா அன்ட் சன்ஸ் போன்ற பேக்கரி நிறுவனங்கள் தங்கள் பெயரில் கடை நடத்தத் தனியாட்களுக்கு இடம் கொடுக்கின்றன.

நன்மைகளைக் குறைத்துச் சொல்லக்கூடாது. புதிதாகக் கடை போடுகிறவர் முதல் வருடத்தில் விடும் பிழைகள் பல. மா எவ்வளவு பிசைவது, எண்ணெயை எப்போது மாற்றுவது, எத்தனை பெட்டிஸ் மிஞ்சும், எந்த விலையில் விற்றால் கட்டும் என்பதையெல்லாம் காசை இழந்துதான் கற்பார். பெயர் கொடுக்கும் நிறுவனம் இதை எழுதிய முறையாகவே கையில் தருகிறது. ஆட்களுக்குப் பயிற்சி கிடைக்கிறது. மாவும் இறைச்சியும் மொத்த விலையில் வருகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பயப்படாமல் நிற்கும் அளவுக்குச் சமையலறை ஒழுங்காக இருக்கிறது. வங்கி முகாமையாளரும் தெரிந்த பெயரைக் கண்டால் கடனுக்குச் சற்று இளகுவார். இவை பெறுமதி உள்ளவை.

அந்தப் பெறுமதிக்கு விலை என்ன? அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் தொடக்கக் கட்டணமாக 45,000 டொலர் வாங்குகிறது. பெயருக்காகத் தொடர்ந்து கட்டவேண்டிய ரோயல்டி நீண்ட காலம் விற்பனையில் 4 வீதமாக இருந்து, 2024 ஜனவரியிலிருந்து புதிய கடைகளுக்கு 5 வீதமானது. விளம்பரத்துக்கு 4 வீதம் தனி. கடை வாடகையும் பெரும்பாலும் அதே நிறுவனத்துக்குத்தான். சப்வே 8 வீத ரோயல்டியும் 4.5 வீத விளம்பரக் கட்டணமும் கேட்டு வந்தது. இங்குள்ள சிறிய பெயர்கள் குறைவாகக் கேட்கலாம். ஆனால் கவனிக்கவேண்டிய சொல் ‘விற்பனை’. ரோயல்டி இலாபத்தில் வெட்டப்படுவதில்லை, கல்லாப்பெட்டியில் விழும் காசிலிருந்தே வெட்டப்படுகிறது.

கணக்குக்காக ஒரு கடையின் மாத விற்பனை 10 இலட்சம் ரூபா, ரோயல்டியும் விளம்பரமும் சேர்த்து 9 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 90,000 ரூபா போகும். எல்லாச் செலவும் கழித்து, ரோயல்டிக்கு முன் 15 வீதம் மிஞ்சினால் அது ஒன்றரை இலட்சம்; கடைக்காரர் கையில் நிற்பது 60,000. இனி ஒரு மோசமான மாதம். விற்பனை 8 இலட்சமாக இறங்குகிறது, வாடகையும் சம்பளமும் இறங்கவில்லை, மிச்சம் 6 வீதமாகச் சுருங்குகிறது. அதாவது 48,000. ரோயல்டி 72,000. கடைக்காரர் 24,000 ரூபா கைநட்டத்தில் நிற்க, பெயருக்குச் சொந்தக்காரர் இலாபத்தில் நிற்கிறார். நல்ல மாதத்தில் இருவரும் கூட்டாளிகள். கெட்ட மாதத்தின் சுமை ஒருவருக்கு மட்டும்.

இதே கணக்கை மறுபக்கமாகவும் போட்டுப் பார்க்கவேண்டும். நூறு ரூபா கூடுதலாக விற்றால், மா, இறைச்சி, எரிவாயு போக 45 ரூபா மிஞ்சும் என்று கொள்வோம். 90,000 ரூபாவை ஈடுகட்ட இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் கூடுதல் விற்பனை வேண்டும். 10 இலட்சத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் கடைக்குள் வரும் ஐந்து பேரில் ஒருவராவது, அந்தப் பலகை இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டாதவராக இருக்கவேண்டும்.

இந்த ஒரு கேள்வியில்தான் இடம் பெரிதாகிறது. தெரிந்த பெயர் தேவைப்படுவது அந்நியனுக்கு. கண்டி தலதா வீதியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் போகிற வருகிறவர்கள் யாரும் யாரையும் அறியார். அங்கே பெயர்ப்பலகை ஒரு பிணையாக நிற்கிறது. அங்கேகூட, எவரிடமும் பெயர் வாங்காமல் பேர் எடுத்த முஸ்லிம் ஹோட்டல் இருக்கிறது. ஹுன்னஸ்கிரியவில் சனி ஞாயிறில் வரும் அந்நியருக்குப் பெயர் உதவும். திங்கள் முதல் வெள்ளி வரை வருகிறவருக்கு முதலாளியின் முகம் தெரியும், அவர் அப்பாவையும் தெரியும். அவர்கள் நம்பிக்கையை வாங்க மாதாமாதம் கொழும்புக்குக் காசு அனுப்பவேண்டியதில்லை. ஐந்தில் ஒருவர் என்ற கணக்கு நகரத்தில் தேறக்கூடும். இந்தச் சந்தியில் தேறுவது கடினம்.

2022ஐ நினைத்தால் இன்னொரு நட்டமும் தெரியும். அந்த ஆண்டு ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவில் மட்டும் 94.9 வீதம். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாவானது. மின்கட்டணம் ஆகஸ்டில் சராசரி 75 வீதமும் அடுத்த பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. அப்போது சொந்தக் கடைக்காரர் செய்த காரியங்களைப் பார்த்தோம். விறகடுப்புக்குப் போனார். கோழிக் கொத்தை நிறுத்தி முட்டைக் கொத்துப் போட்டார். ரோல்ஸைச் சற்றுச் சிறிதாக்கினார். ஒப்பந்தத்தின்கீழ் நடக்கும் கடையில் இவற்றில் ஒன்றைக்கூடத் தானாகச் செய்யமுடியாது. அளவும் விலையும் வேறிடத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. பெரிய சங்கிலிக் கடைகள் ஜெனரேட்டரும் களஞ்சியமும் வைத்துத் தாக்குப்பிடித்தது உண்மை. ஆனால் அந்தப் பலம் அவற்றின் மூலதனத்தில் இருந்து வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைச் சிதைத்தபோது இன்னொன்றையும் கண்டோம்: மலைநாட்டில் வீதி மூடும் நாட்களும் வரவு செலவில் சேர்த்தி.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி, கடை யாருடையது என்பது. மெக்டொனால்ட்ஸ் 1998இல் அபான்ஸ் குழுமத்தின் வழியாக இலங்கைக்கு வந்தது. 2024 மார்ச்சில் அந்த ஒப்பந்தம் முறிக்கப்பட்டு 12 கிளைகளும் மூடப்பட்டன. தரக் குறைபாடே காரணம் என்று மெக்டொனால்ட்ஸ் தரப்பின் சட்டத்தரணி சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தரம் பேணாத கடையை மூடும் உரிமை பெயருக்குச் சொந்தக்காரரிடம் இருப்பது, உண்பவருக்கும் அதே பெயரை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பாதுகாப்புத்தான். ஆனாலும் இருபத்தைந்து வருடம் கட்டி எழுப்பிய வியாபாரம், பெயர் போனதும் அடுப்பணைந்த கட்டிடங்களாயிற்று. இந்தியாவில் விக்ரம் பக்ஷி 1995இல் மெக்டொனால்ட்ஸுடன் சரிபாதிக் கூட்டாளியாகச் சேர்ந்தவர். 2013இல் நிர்வாக இயக்குநர் பதவி பறிபோனது. 2017இல் 169 கிளைகளின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. 2019 மே மாதம் சமரசம் செய்து தன் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பாதிப் பங்கும் பெரிய வழக்கறிஞர்களும் இருந்தவருக்கே இது நடந்ததென்றால், ஹுன்னஸ்கிரியவில் ஒற்றைக் கடை வைத்திருப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

மலையகத்தில் இதை விளக்க நீண்ட வார்த்தை வேண்டியதில்லை. நாம் தலைமுறை தலைமுறையாக லயத்தில் குடியிருந்தோம். கூரைக்குத் தகரம் மாற்றினோம், வாசலில் பூச்செடி வைத்தோம், காணி உறுதி மட்டும் நம் பெயரில் இல்லை. தோட்டங்களை நடத்தும் கம்பனிகளும் 1992 முதல் 53 வருடக் குத்தகைக்காரர்கள்தான். குத்தகை முடியும் காலம் நெருங்க, முப்பது வருடம் பலன் தரும் தேயிலையை மறுநடுகை செய்ய எவருக்குக் கை வரும்? பிரான்சைஸும் அந்த வகைக் குடியிருப்பே. உழைப்பும் கடனும் நம்முடையவை, உறுதி இன்னொருவர் பெட்டியில்.

வாங்கிய பெயரோடு அதன் பழியும் கூட வருகிறது. காஸா போர் தொடங்கியபின் மலேசியாவில் மேற்கத்தேயச் சங்கிலிக் கடைகளை மக்கள் புறக்கணித்தார்கள். 2024 ஏப்ரலில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கே.எஃப்.சி கிளைகள் தற்காலிகமாக மூடின. நிறுவனம் பொருளாதாரச் சூழலைக் காரணமாகச் சொன்னது. கல்லாவில் இருந்தவர்களும் கடையை நடத்தியவர்களும் மலேசியர்கள். அவர்கள் எடுக்காத முடிவுகளுக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

சட்டமும் துணைக்கு இல்லை. அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே கட்டணம், வழக்குகள், மூடிய கடைகள் எல்லாம் அடங்கிய ஆவணத்தைக் கொடுத்தாகவேண்டும். மலேசியாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது ஐந்து வருட ஒப்பந்தக் காலத்தையும், கையெழுத்திட்டபின் மனம் மாறினால் விலக ஏழு வேலைநாட்களையும் கொடுக்கிறது. இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பொது ஒப்பந்தச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டமும்தான். அந்தப் புலமைச் சொத்துச் சட்டம் பெயரைக் காக்கிறது, பெயரை வாங்குகிறவரைக் காக்கவில்லை. சிறு முயற்சியாளர்களைப் பற்றி மேடையில் பேசும் அரசியல்வாதிகள் இந்த ஓட்டையை முதலில் அடைக்கட்டும்.

இனி முடிவு. கையில் தேவைக்குமேல் மூலதனமும், நகரத்தில் அந்நியர் நடமாடும் இடமும், ஏற்கெனவே ஓடும் வேறு தொழிலும் உள்ளவருக்குப் பிரான்சைஸ் தவறான முதலீடல்ல. கட்டாய ஒழுங்கை அவர் விலை கொடுத்து வாங்குகிறார். விலை அவருக்குக் கட்டும். ஹுன்னஸ்கிரியவில் சேமிப்பு முழுவதையும் போட்டுக் கடனும் வாங்குகிறவருக்கு அது தவறான முதல் அடி என்பதே என் தீர்ப்பு. அவர் விலைக்கு வாங்க எண்ணிய ஒழுங்கில் பாதியைச் சம்பளத்துக்கு வேலை செய்தே கற்கலாம். கண்டியில் ஒரு நல்ல பேக்கரியிலோ சங்கிலிக் கடையிலோ ஆறு மாதம் நின்று, எண்ணெய் மாற்றும் நாளையும் மிஞ்சிய பண்டத்தின் கணக்கையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். எழுதியதை அப்படியே கடைப்பிடிப்பது கடினம்; சொந்தக் கடைகள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். அந்த ஒழுக்கம் தன்னிடம் இல்லை என்று அறிகிறவர், பிரான்சைஸையும் எடுக்காமல் இருப்பதே நலம்.

அப்படியும் ஒரு பெயரை எடுப்பதென்றால் நான்கு விடயங்களை எழுத்தில் பெறாமல் கையெழுத்திடக்கூடாது. ஒப்பந்தக் காலம் கடன் தீரும் காலத்தைவிட நீளமாக இருக்கவேண்டும். அதே பெயரில் இன்னொரு கடை எத்தனை கிலோமீற்றருக்குள் வராது என்று குறிக்கப்படவேண்டும். வீதி மூடிய மாதத்துக்கும் விற்பனை விழுந்த மாதத்துக்கும் ரோயல்டி குறையவேண்டும். கடைக் கட்டிடத்தின் உறுதியோ குத்தகையோ கடைக்காரர் பெயரில் இருக்கவேண்டும். நான்காவது மறுக்கப்பட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பெயர் பறிபோன மறுநாள் காலை, அதே அடுப்பில் தன் பெயரில் ரொட்டி தட்ட அவருக்கு ஓர் இடம் மிஞ்சவேண்டும்.