ஆட்டச் சீட்டும் அரூப ஓவியமும்

கலை மக்களுக்காகவே என்னும் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டோர், அரூப ஓவியம் என்றதும் முகஞ்சுளிப்பது வழக்கம். உலகை விட்டு ஓடுவோரின் புகலிடம் அதுவென்றும், உழைப்பாளிக்கு விளங்காததென்றும், நலிந்துசெல்லும் முதலாளித்துவப் பண்பாட்டின் குழந்தையென்றும் நம்மவர் கூறுவர். இக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் ஒரு விதியை எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் மாறாது பொருத்த முனைவது இயங்கியல் நோக்கு ஆகாது. சோஷலிசத்தின் பெயரால் ஆளப்பட்ட ஒரு நாட்டில், தொழிலாளர் குடியிருப்புக்களின் நடுவே, எவ்விதச் சந்தையுமின்றி அரூப ஓவியம் தழைத்தமையை எவ்வாறு விளக்குவது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு விளாடிமிர் நெமூகின் (1925–2016) வரைந்த சீட்டோவியங்கள் நமக்குத் துணைபுரிகின்றன.

1932ஆம் ஆண்டு ஏப்ரிலில் வெளிவந்த கட்சித் தீர்மானம் சோவியத் யூனியனின் கலை இலக்கியக் குழுக்களைக் கலைத்தது. 1934இல் நடைபெற்ற எழுத்தாளர் மாநாடு சோஷலிச யதார்த்தவாதத்தை ஒரே நெறியாக நிலைநாட்டியது. புரட்சிக் காலத்தில் முன்னணியில் நின்ற மலேவிச் போன்றோரின் ஆக்கங்கள் நூதனசாலைகளின் பின்னறைகளுக்குச் சென்றன. ஸ்டாலின் மறைந்தபின், 1957இல் மொஸ்கோவில் நிகழ்ந்த உலக இளைஞர் மாணவர் விழாவிலே, இளம் ஓவியர் பலர் பிறநாட்டு அரூப ஓவியங்களை முதன்முதலாக நேரிற் கண்டனர். திறந்த கதவு நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1962 டிசெம்பர் 1ஆம் திகதி மனேஜ் மண்டபத்துக்குச் சென்ற குருஷேவ், அங்கிருந்த புதுமுயற்சிகளைக் கண்டு சினந்து வசைபாடினார்.

இச்சூழலில் மொஸ்கோவின் வடபுறத்தேயுள்ள லியனொஸோவோவில் ஒரு குழு உருவாயிற்று. புகையிரதப் பகுதியில் வேலைசெய்த ஒஸ்கார் ராபின், பழைய கொட்டிலொன்றில் ஒடுங்கிய அறையிலே குடும்பத்துடன் வாழ்ந்தார். ஞாயிறுதோறும் அவ்வறை ஓவியக் காட்சியிடமாகியது. கவிஞரும் ஓவியரும் மாணவரும் புகையிரதமேறி அங்கு சென்றனர். ராபினின் மாமனாரும் குழுவின் மூத்தவருமான யெவ்கேனி குரோபிவ்நித்ஸ்கி, உருவவாதி என்ற குற்றச்சாட்டின்பேரில் 1963இல் ஓவியர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். செல்வர் மாளிகையின் அலங்காரமாக இவ்வோவியம் பிறக்கவில்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

நெமூகின் இக்குழுவைச் சேர்ந்தவர். மலேவிச்சின் மாணவரான பியோத்தர் சொகொலோவிடம் இளமையிற் பயின்றவர்; ஆகவே அறுந்துபோனதாகக் கருதப்பட்ட மரபின் ஓர் இழை அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1950களின் இறுதியில் முற்றிலும் அரூபமாக வரையத் தொடங்கிய அவர், 1960களின் நடுப்பகுதியிலே தமது வண்ணப் பரப்புக்களின்மேல் ஆட்டச் சீட்டை அமர்த்தலானார். சில வேளை மெய்யான சீட்டையே திரையில் ஒட்டினார். சில வேளை வரைந்தார். முழுதாகவும் பாதி மறைந்தும் வண்ணத்துள் அமிழ்ந்தும் சீட்டுக்கள் அங்கே கிடக்கின்றன. ஆடுவோர் முகம் தெரிவதில்லை.

எத்தனையோ பொருள்கள் இருக்கச் சீட்டை ஏன் தேர்ந்தார்? ருஷ்யப் பண்பாட்டிலே சீட்டு வெறும் பொழுதுபோக்கன்று. ஸார் ஆட்சியில் சீட்டு உற்பத்தி அரச ஏகபோகம். அதன் வருவாய் அநாதைக் குழந்தைகளின் இல்லங்களுக்குச் சென்றது. சூதாடியின் பணம் அநாதையின் உணவாகியமை அவ்வமைப்பின் அறநெறியை நன்கு புலப்படுத்தும். சிறைக்கைதியின் மேலங்கி முதுகில் தைக்கப்பட்ட துண்டை மக்கள் ‘டைமன் ஆசு’ என்றே அழைத்தனர். புஷ்கினின் ‘ஸ்பேட் இராணி’ சீட்டின் மூலம் பேராசையின் அழிவைக் காட்டியது. 1910இல் மொஸ்கோவில் எழுந்த புதிய ஓவியர் அணி தனக்கு ‘டைமன் ஜாக்’ எனப் பெயரிட்டுப் பழைமையாளரைச் சீண்டியது. மலேவிச்சின் 1914ஆம் ஆண்டு ‘விமானி’ ஓவியத்தில் ஒரு சீட்டு உண்டு. ஒல்கா ரொஸனோவா சீட்டுருவங்களையே ஒரு வரிசையாகத் தீட்டினார். நெமூகினின் சீட்டு, இவ்வாறு, தடைசெய்யப்பட்ட மூதாதையரின் அடையாளச் சீட்டுமாகின்றது.

இன்னொரு முரணும் கவனிக்கத்தக்கது. சோவியத் அரசும் சீட்டை அச்சிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடொல்ஃப் ஷார்லமான் வரைந்த அரசரும் அரசியரும், முடியாட்சி வீழ்ந்த பின்னரும் அரச அச்சகத்திலிருந்தே தொடர்ந்து வெளிவந்தனர். தெருவிலிருந்து துரத்தப்பட்ட மன்னன் தொழிலாளியின் மேசையில் வீற்றிருந்தான்! மேடையிற் பேசப்பட்ட வாழ்வுக்கும் வீட்டினுள் வாழப்பட்ட வாழ்வுக்கும் இடையிலிருந்த இடைவெளியை இதனினும் எளிதாகக் காட்டும் பொருள் யாது?

உருவத்தை நோக்கினும் சீட்டு அரூபத்துக்கு அயலானதன்று. சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமான தட்டைச் செவ்வகம் அது. அதில் ஆழமோ நிழலோ இல்லை. அதன் அரசனுக்கு இருபுறமும் தலை. மேலும் இல்லை, கீழும் இல்லை. அதன் மதிப்பு அதிலுள்ள படத்தின் அழகால் வருவதன்று, ஆடுவோர் ஒப்புக்கொண்ட விதியால் வருவது. ஆட்டம் நின்றுவிடின் ஆசும் இரண்டும் ஒன்றே. ஓவியம் உலகைக் கண்ணாடிபோற் காட்டினாற்றான் பொருளுடையது என்போருக்கு, யாவரும் அறிந்த இச்சிறு துண்டே மறுப்புரையாகின்றது. அரூப ஓவியம் எளியோருக்கு விளங்காது என்கிறோம். ஆனால் சீட்டாடும் எந்த உழைப்பாளியும் ஓர் அரூபக் குறியமைப்பை நாள்தோறும் கையாள்கிறான்.

நெமூகினின் தலைப்புக்களில் ஒன்று முடிவுறாத ‘பேஷன்ஸ்’ ஆட்டத்தைக் குறிப்பது. பேஷன்ஸ் ஒருவர் தனித்தாடும் ஆட்டம். காட்சிச்சாலை இல்லை, விமர்சகன் இல்லை, பொதுமக்களின் வரவு இல்லை. எதிராளியற்று மேசையின்முன் அமர்ந்திருக்கும் ஓவியனின் நிலைக்கு இதுவே தக்க குறியீடு எனலாம். எல்லாம் திட்டமிடப்பட்டன என்று கூறப்பட்ட சமுதாயத்தில், கைக்கு எந்தச் சீட்டு வருமென்று எவரும் அறியார் என்ற உண்மையையும் அது மெல்ல உரைக்கின்றது.

எனினும் போற்றுதலோடு நின்றுவிடுவது விமர்சனமன்று. பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்த சீட்டு, சில ஓவியங்களிலே தேடலின் சின்னமாக இல்லாது, ஓவியரின் கையொப்பமாகச் சுருங்கிவிடுகின்றது. வெளிநாட்டார் இவ்வகை ஓவியங்களை வாங்கியபோது, கலைநயத்தை மட்டுமன்றிக் கெடுபிடிப் போரின் வெற்றிச் சின்னத்தையும் சிலர் வாங்கினர் என்பதை மறத்தலாகாது. ஆனால் இதற்குரிய பொறுப்பு யாருடையது? சொந்த மக்களின் கண்ணிலிருந்து ஓவியத்தை மறைத்தவர்களே அதனை அந்நியரின் கையிற் சேர்த்தனர்.

1974 செப்ரெம்பர் 15ஆம் திகதி, மொஸ்கோவின் பெலியாயெவோ வெளியில் ராபின், நெமூகின், லிடியா மாஸ்தெர்கோவா முதலியோர் தம் ஓவியங்களைத் திறந்தவெளியில் வைக்க முயன்றனர். புல்டோசர்களும் நீர்பாய்ச்சும் வண்டிகளும் அவர்கள்மீது ஏவப்பட்டன. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின்பின், இரு வாரங்களில் இஸ்மைலொவோப் பூங்காவிலே நான்கு மணிநேரக் காட்சிக்கு அனுமதி கிடைத்தது. மக்கள் ஆயிரக்கணக்கிற் திரண்டனர். விளங்காத கலை என்றால் அத்தனை பேர் ஏன் வந்தனர்? மாஸ்தெர்கோவா 1975இல் நாட்டை விட்டு நீங்கினார். 1978இல் ராபினின் குடியுரிமை பறிக்கப்பட்டது. நெமூகின் அப்போதும் அங்கேயே இருந்து வரைந்தார்.

மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களால் ருஷ்ய இலக்கியத்தை நேசிக்கக் கற்ற ஆசிரியர்களிடம் பயின்றவர் நாம். அந்த நேசம் பொய்யன்று. அதனாலேயே இக்கணக்கையும் நாமே பார்க்கவேண்டியுள்ளது. பகைவர் பார்த்தால் அது பிரசாரம். நாம் பார்த்தால் அது சுயவிமர்சனம். சமுதாயக் கடப்பாடு என்பது கலைஞன் தானே ஏற்பது, அலுவலகம் அவன்மேற் சுமத்துவதன்று. எந்த உருவம் மக்களுக்குரியது என்பதை மக்கள் காணுமுன்பே தீர்ப்புச் செய்வோர், மக்களின் பெயரை மட்டுமே பயன்படுத்துகின்றனர். வகுப்பறையில் உருவம், உள்ளடக்கம் பற்றிக் கற்பிக்கும்போது நாம் இதனை நினைவில் வைத்தல் நன்று. சீட்டைக் கலைத்துப் போடுவோரே ஆட்டத்தின் விதியையும் நடுவில் மாற்றுவாராயின், தோற்பது ஆடுவோர் மட்டுமல்லர், ஆட்டமே தோற்கும்.