கழுத்து அட்டையும் ரசீதுப் புத்தகமும்

விளையாட்டு நிகழ்ச்சி நிர்வாகத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பி, அதற்கென்றே ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவர் எவரையேனும் சந்தித்துப் பேச்சுக் கொடுத்தால், அவர் தம் படிப்பைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே, தாம் தொண்டராகப் பணி செய்த போட்டிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். அவர் அறைக்குச் சென்று பார்த்தாலோ, அப்போட்டிகளில் அணிந்த அடையாள அட்டைகள் வண்ண வண்ண நாடாக்களோடு, சுவரிலே அடித்த ஓர் ஆணியில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சம்பளம் பெறாமல் பெரிய போட்டிகளில் ஊழியம் செய்வதே இத்தொழிலுக்கு ஏற்ற பயிற்சி என்னும் கொள்கை, இன்று கல்லூரிகளிலும் போட்டி நடத்தும் ஸ்தாபனங்களிலும் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே வேரூன்றிவிட்டது. அந்தச் சம்பிரதாயத்தின் குணம் எது, குற்றம் எது என்று சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது என் உத்தேசம்.

இது தனியாகப் படிக்க வேண்டிய ஒரு வித்தை என்ற எண்ணம் நெடுங்காலத்தது அன்று. அமெரிக்காவில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் உரிமையாளராயிருந்த வால்டர் ஓமாலி, விளையாட்டு ஸ்தாபனங்களை நிர்வகிக்கத் தக்க பயிற்சி பெற்றவர்களை எங்கே தேடுவது என்று 1957இல் ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியரிடம் கேட்டதாகவும், அக்கேள்வியே முளைத்து வளர்ந்து 1966இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு நிர்வாகத்துக்கான முதுகலைப் படிப்பாக ஆனதாகவும் அத்துறையின் வரலாறு கூறும். நம் சென்னைக்கோ அதற்கும் மூத்த உரிமை ஒன்று உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே மேலாளராகவும் அமைந்தார். அக்காலத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் என்பவர் பிள்ளைகளை ஓடவைப்பவர் மாத்திரம் அல்லர். சுண்ணாம்புக் கோடு போடுவது முதல் பரிசளிப்பு விழாவுக்குத் தலைவரை அழைத்து வருவது வரையில், ஒரு போட்டியின் சகல பொறுப்பையும் தனி ஒருவராகத் தலையில் சுமந்தவர் அவர். பிற்காலத்தில் போட்டிகள் பெருத்தன, பணம் பெருகியது, ஒருவர் செய்த வேலை நூறு துண்டாயிற்று. அந்த நூறில் ஒரு துண்டைத்தான் இன்றைய மாணவர் தம் கழுத்து அட்டையோடு பெற்றுக்கொள்ளுகிறார்.

அத்துண்டையும் அற்பம் என்று ஒதுக்கிவிடுவது நியாயம் ஆகாது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், உக்ரைன் மீது நடந்த படையெடுப்பை முன்னிட்டு 44ஆவது செஸ் ஒலிம்பியாட் ருஷ்யாவிடமிருந்து நீக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்கு என்று முடிவானபோது, ஜூலை 28ஆம் தேதி நடக்கவேண்டிய தொடக்க விழாவுக்கு நான்கு மாதத்துக்குச் சற்றே அதிகமான அவகாசம்தான் இருந்தது. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த அணிகள், மாமல்லபுரத்தின் ஆட்டக் கூடங்களில் ஏறத்தாழ 700 பலகைகளின் முன் ஒரே நேரத்தில் அமர்ந்து, பதினொரு சுற்றுகள் ஆடின. பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் என்றால், கடற்கரைச் சாலையில் பல விடுதிகளில் சிதறித் தங்கியிருந்த அத்தனை பேரும் அதற்கு முன்பே பேருந்துகளில் வந்து, பரிசோதனையைக் கடந்து, கைப்பேசியை ஒப்படைத்து, தம் தம் நாற்காலியைக் கண்டடைய வேண்டும். அங்கே தொண்டராக நின்ற கல்லூரிப் பிள்ளைகள், மூவாயிரம் பக்கத்துப் பாடநூலிலும் கிடைக்காத சில விஷயங்களைப் பிரத்தியட்சமாகக் கற்றிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஒரே கேள்விக்கு நூறாவது முறையாக விடை சொல்லும்போதும் முகம் வாடாதிருப்பது, தோற்று வெளியே வருபவரிடம் இப்போது பேசலாமா கூடாதா என்பதை அவர் நடையைக் கொண்டே தீர்மானிப்பது, பேருந்து வரவில்லை என்ற செய்தியை மேலே இருப்பவர்க்கு எந்த நிமிஷத்தில் சொல்லவேண்டும் என்று அறிவது, ஆகிய இவை யாவும் நின்று கற்கவேண்டிய வித்தைகளே அல்லாமல் உட்கார்ந்து கற்கத் தக்கவை அல்ல. கூட்டத்தின் இயல்பை அறியாதவன் கூட்டத்துக்கான திட்டம் தீட்டினால், அது காகிதத்தில் மாத்திரம் அழகாயிருக்கும்.

ஆயினும் குற்றம் எங்கே தொடங்குகிறது என்றால், போட்டி நடக்கும் நாட்களையே போட்டி என்று மாணவர் நம்பத் தலைப்படும் இடத்தில் தொடங்குகிறது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் முகூர்த்தத்தையும் பந்தியையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். பெண்ணைப் பெற்றவரோ ஆறு மாதம் முன்பே ஓடத் தொடங்கி, மளிகைக் கடைப் பாக்கியை ஆறு மாதம் கழித்துத் தீர்க்கிறார். விளையாட்டு நிகழ்ச்சியும் அவ்வாறே. போட்டியை நடத்தும் உரிமைக்கு விண்ணப்பம் எழுதுவது, வரவு செலவுத் திட்டம் போடுவது, பந்தல் ஒப்பந்தக்காரர் கைவிட்டால் நஷ்டம் யாரைச் சேரும் என்று ஒப்பந்தத்தில் வகை செய்வது, காவல் துறை, தீயணைப்புத் துறை, மருத்துவமனை ஆகியவற்றின் இசைவைப் பெறுவது, இன்ஷூரன்ஸ் எடுப்பது, எல்லாம் முடிந்து விளக்குகள் அணைந்தபின் கணக்கை ஒப்புவித்துத் தணிக்கைக்கு விடை சொல்வது என்பவையே இத்தொழிலின் முக்கால் பங்கு. இவற்றில் ஒன்றையும் தொண்டர் காண்பதில்லை. ஒரு பெரிய போட்டியில் ஒன்பது நாள் ஒரே பக்கவாட்டுக் கதவின் அருகே நின்ற மாணவர் ஒருவரை நான் அறிவேன். அந்தக் கதவு எதற்காக அங்கே வைக்கப்பட்டது, அதன் அகலம் எந்தக் கணக்கின்படி அமைந்தது, அபாயம் நேர்ந்தால் அதைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்று அவரிடம் கேட்டேன். பத்திரிகைக்காரர்களை அந்த வழியாக விடக்கூடாது என்ற ஒன்றே தமக்குச் சொல்லப்பட்டது என்றார். சான்றிதழில் மட்டும் ‘நிகழ்ச்சி இயக்கப் பிரிவு’ என்று கண்டிருந்தது.

தொண்டரைச் சரியாகப் பயன்படுத்தாவிடில் நிகழ்ச்சிக்கே கேடு வரும் என்பதற்கும் உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளுக்காகச் சேர்க்கப்பட்ட சுமார் 22,000 தொண்டர்களில் ஏறக்குறைய 10,000 பேர், போட்டி தொடங்குமுன்பே விலகிச் சென்றுவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன. பயிற்சி போதாமையும், ஒதுக்கப்பட்ட வேலையில் மனநிறைவின்மையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சிலர் சீருடையைப் பெற்றுக்கொண்டதோடு தம் தொண்டு நிறைவுற்றதாகக் கருதியிருக்கலாம் என்றும் பரிகாசமாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கு ஈராண்டுக்குப் பின் லண்டன் ஒலிம்பிக்கில் 70,000 பேர் தொண்டு செய்ததும் பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனால் அங்கே வந்தவர்களில் பலர் வேறு தொழிலோ ஓய்வூதியமோ உடையவர்கள். அவர்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் திருவிழா. திருவிழாவில் தேர்வடம் பிடிப்பவனுக்குக் கூலி பேசுவதில்லை என்பது உண்மையே. அதனால் தேர் செய்யும் தச்சனுக்கும் கூலி வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? பட்டறையில் தொழில் பழகும் இளைஞனுக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் விதிக்கிறது. விளையாட்டு நிர்வாக மாணவரோ ‘தொண்டர்’ என்ற ஒரு சொல்லின் பலத்தால் அந்தச் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். இதன் பலனாக, பட்டணத்தில் உறவினர் வீடும், பத்து நாள் சாப்பாட்டுக்குத் தகப்பனார் பணமும் உள்ள பிள்ளையே அட்டைகளைச் சேர்க்க முடிகிறது. இல்லாத பிள்ளை அனுபவம் இல்லாதவன் என்று நேர்முகத் தேர்வில் கழிக்கப்படுகிறான்.

இங்கே நான் வேறொரு பாடசாலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. பொங்கலையோ அம்மன் திருவிழாவையோ ஒட்டி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளைஞர் மன்றங்கள் நடத்தும் மின்னொளிக் கபடிப் போட்டியே அது. ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் அச்சாகும். முதல் பரிசு யார் உபயம், சுழற்கோப்பை யார் நினைவாக, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் விவரமாகக் கண்டிருக்கும். ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இருவர் இருவராகப் பையன்கள் கடைவீதியில் ஏறி இறங்குவார்கள். யாரிடம் முதலில் போனால் மற்றவர்களும் கொடுப்பார்கள், யார் பெயருக்குக் கீழே யார் பெயரைப் போட்டால் சண்டை வரும் என்ற சூட்சுமங்களை அவர்கள் அறிந்திருக்கும் அளவுக்கு, விளம்பரதாரர் உறவு என்று பட்டணத்தில் படிப்பவர்கள் அறிந்திருப்பார்களா என்பது சந்தேகமே. காவல் நிலையத்தில் மனு, மின்சாரத்துக்கு ஏற்பாடு, அது போய்விட்டால் ஜெனரேட்டர், மைக்செட், நடுவர்களுக்கு வழிச்செலவும் சாப்பாடும், வெளியூர் அணிகள் படுக்கப் பள்ளிக்கூடத் திண்ணை என்று எல்லாவற்றுக்கும் அதே எட்டுப் பத்துப் பேர்தான்.

அவர்கள் போடும் கணக்கையும் சற்றுப் பாருங்கள். 27 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. தோற்றவர் வெளியேறும் முறை. சீட்டுக் குலுக்கும்போது 32க்கு எத்தனை குறைகிறதோ அத்தனை ‘பை’, அதாவது ஐந்து அணிகள் முதற்சுற்றை ஆடாமலே கடக்கும். ஒருவர் மிஞ்ச வேண்டுமானால் இருபத்தாறு பேர் தோற்க வேண்டும். ஆகவே 26 ஆட்டங்கள். விதிப்படி இருபது நிமிஷம் கொண்ட இரு பாதியும் ஐந்து நிமிஷ இடைவேளையும் விட்டால், ஓர் ஆட்டத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். ஒரே ஆடுகளம் என்றால் பத்தொன்பதரை மணி நேரம். ஓர் இரவுக்குள் அது நடவாது. ஆகவே இரண்டாவது களம் போடுவதா, அரையிறுதி வரையில் பாதிக்குப் பத்து நிமிஷமாகக் குறைப்பதா, குறைத்தால் வெளியூர் அணிகள் முறையிடுமா, களம் கூட்டினால் இன்னும் இரண்டு விளக்குக் கம்பத்துக்கும் நடுவர்களுக்கும் பணம் எங்கே என்று, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். விடிந்தபின் பந்தல்காரனுக்குப் பாக்கி வைத்தால் அடுத்த வருஷம் அதே தெருவில் அவன் முகத்தில் விழிக்கவேண்டும். முன்னும் பின்னும் நடுவும் ஒருவரே சுமப்பதால், ஒரு முடிவின் விளைவு அந்த முடிவைச் செய்தவனையே வந்து தாக்குகிறது. இதைவிடச் சிறந்த ஆசான் வேறு யார் இருக்கமுடியும் என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

ஆனாலும் இந்தப் பாடசாலையைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலாவது, உயிர் பற்றிய அஜாக்கிரதை. 1971இல் கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தபின், மைதானங்களின் வழிகளுக்கும் தடுப்புகளுக்கும் அளவு சொல்லும் ஒரு கையேட்டை 1973இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்டது. இத்துறையைப் படிப்பவர் எவரும் அதன் பெயரையாவது கேட்டிருப்பார். நம் கபடிக் களத்தைச் சுற்றிச் சவுக்குக் கழியாலும் இரும்புக் குழாயாலும் கட்டும் காலரியில் எத்தனை பேர் ஏறலாம் என்று யாரும் அளப்பதில்லை. ஏற இடம் இருக்கும் வரையில் ஏறலாம் என்பதே விதி. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் நடந்த தேசிய ஜூனியர் கபடிப் போட்டியில் தற்காலிகக் காலரி சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றது, இந்த அலட்சியம் கிராமத்தோடு நிற்பதில்லை என்பதைக் காட்டியது. பட்டணத்துப் படிப்பும் பணமும் இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்லமுடியாது. 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில், வெற்றி விழாவுக்கு வந்த கூட்டத்தில் சிக்கிப் பதினொருவர் மாண்டபோது, அங்கே இல்லாதிருந்தது பணம் அன்று. இரண்டாவது, கணக்கு. வரவைத் தண்டோரா போட்டு வாங்குபவர்கள் செலவை மெல்லிய குரலில் படிக்கிறார்கள். மூன்றாவது, அந்த எட்டுப் பத்துப் பேர் யார் என்பது. பெரும்பாலும் ஒரே தெருப் பையன்கள். பக்கத்துத் தெருவுக்கு அதில் இடம் உண்டா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பெண்ணுக்கு இடம் இல்லை என்பதோ அநேகமாக எல்லா ஊருக்கும் பொது.

இந்த மூன்றாவது குறையே, இரண்டு பாடசாலைகளையும் தராசில் வைத்துக் கிராமத்தின் பக்கம் தட்டைத் தாழ்த்த நினைத்த என் கையைத் தடுத்தது. விளையாட்டு நிர்வாகத்தில் முதுகலை படிக்கும் பெண் ஒருத்தி, என் நண்பரின் மகள், சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். ஏழு போட்டிகளின் அட்டைகள் அவளிடம் உண்டு. தொண்டர் முறையைப் பற்றி நான் சொன்ன குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க ஊர்க் கமிட்டியில அண்ணன் பத்து வருஷமா இருக்கான் மாமா. நான் அந்தப் பந்தலுக்குள்ளே போனதே பரிசு வாங்க வந்த டீமுக்குத் தண்ணி கொடுக்கத்தான். மைக்கைப் பிடிச்சு ஆயிரம் பேரை நான் வரிசையில நிக்க வச்சது சென்னையிலதான்” என்றாள். எனக்குப் பதில் தோன்றவில்லை.

அவள் செய்த காரியம் மற்றொன்று. படிப்பின் இறுதியில் எழுதவேண்டிய ஆய்வறிக்கைக்கு, அந்தக் கபடிப் போட்டியின் மூன்று வருஷத்து வரவு செலவையே பொருளாக எடுத்துக்கொண்டாள். ஐ.பி.எல். அணி ஏதாவது கிடைக்கவில்லையா என்று அவளுடைய வழிகாட்டி கேட்டாராம். அண்ணனிடம் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைக் கேட்டதற்கு, கமிட்டி கூடி இரண்டு நாள் ஆலோசித்து, இரண்டு வருஷத்துக்கு உரியவற்றைக் கொடுத்தது. மூன்றாவது வருஷத்ததைக் கரையான் அரித்துவிட்டதாம். அது எந்த வருஷம் என்று கேட்டேன்; காலரிக்கு மட்டும் தனியாக வசூல் செய்த வருஷம் என்றாள்.