கிருஷ்ணபிள்ளையின் இரண்டு பூனைகள்

போன சாரல் சீசனில் வடகரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்ஃப் அப்ரைசல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'இந்த ஆண்டு சாதித்தவை என்ன?' என்று ஒரு கட்டம். 'எதில் மேம்பட வேண்டும்?' என்று இன்னொன்று. இரண்டாவதில் நாமெல்லாம் என்ன எழுதுவோம்? 'வேலையில் அளவுக்கு மீறி அக்கறை எடுத்துக்கொள்கிறேன்.' பார்க்கப் பணிவு மாதிரி இருக்கும். உள்ளே முழுக்கப் பெருமை. பக்கத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' பாதி படித்தபடி கிடந்தது.

தமிழ்க் கவிஞர்களுக்கும் இப்படி ஒரு கட்டம் உண்டு. அதற்குப் பெயர் அவையடக்கம். ராமகதை பாடத் துணிந்த தன்னை, பாற்கடலை நக்கியே குடித்துவிடக் கிளம்பிய பூனையோடு ஒப்பிட்டான் கம்பன். இவ்வளவு அழகாகத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளத் தெரிந்தவனுக்குத் தன் உயரம் தெரியாமலா இருந்திருக்கும்?

கிருஷ்ணபிள்ளை (1827–1900) அந்தக் கம்பனில் ஊறியவர். நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்ப் பண்டிதராகி, 1858இல் கிறிஸ்தவரானார். 1894இல் இந்தக் காப்பியம் வந்தது. மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூல். பனியன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்தவர். அவருடைய உரைநடை சந்தைக்கு வருகிறவருக்கும் புரியும். பிள்ளை அதை ஐந்து பருவங்களாக விரித்துக் கம்பன் வழியில் விருத்தமாகப் பாடினார்.

என் புகார் இங்கேதான். தன் பாரத்தைச் சுமக்க முடியாமல் ஓடும் ஒரு சாதாரண மனிதனின் கதைக்கு இத்தனை ஆபரணம் எதற்கு? வருணனைகள் நீளும்போதெல்லாம் யாத்திரிகன் பின்னால் போய்விடுகிறான், பண்டிதர் முன்னால் வந்து நிற்கிறார்.

பனியனில் 'தாழ்மைப் பள்ளத்தாக்கு' என்று ஓர் இடம் வரும். அதில் இறங்கும்போதே யாத்திரிகனுக்கு ஒன்றிரண்டு தடவை கால் வழுக்கும். குற்றாலத்துப் பாறைகளில் நடந்து பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஏறிவிடலாம், இறங்குவதுதான் பாடு. கீழே அவனுக்குப் பெரும் போர் காத்திருக்கிறது. ஆனால் 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே பள்ளத்தாக்கு செழிப்பான நிலமாகத் தெரிகிறது. கந்தல் உடுத்த ஓர் இடைச்சிறுவன் அங்கே நிம்மதியாகப் பாடிக்கொண்டிருக்கிறான். தாழ்மை முதலில் போர்க்களம், பிறகு வீடு.

கிருஷ்ணபிள்ளையிடம் அந்தச் சிறுவனுக்குச் சமமானவை, காப்பியத்துக்கு நடுவே வரும் தேவாரங்கள். வைணவராகப் பிறந்து கிறிஸ்தவரானவர், தன் உள்ளத்தைத் திறக்கச் சைவர்களின் பாடல் வடிவத்தையும் பெயரையும் எடுத்துக்கொள்கிறார். அங்கே பண்டிதரைக் காணோம். 'நீயே கதி' என்று நிற்கும் ஒருவர்தான் இருக்கிறார். மதம் மாறியும் அவர் விட்டுவராத சொத்து இந்தச் சரணாகதி என்றே நினைக்கிறேன். வைணவத்தில் இதற்கும் ஒரு பூனை உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும்.

முதல் பூனைக்குத் தன் சிறுமை தெரியும், ஆனால் அதைப் பார்க்க ஒரு சபை வேண்டும். இரண்டாவதற்கு யாரும் பார்க்க வேண்டாம். தன்னை ஒருவர் தூக்கியிருக்கிறார் என்கிற நம்பிக்கை இல்லாத பணிவு வெறும் உத்திதான். இந்த நூலில் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. முழுக்கப் பணிந்த ஒருவரின் நூலைவிட, பணிய முடியாமல் திணறி இடையிடையே பணிந்துவிட்ட இந்த நூல் எனக்கு நெருக்கமாக இருப்பது அதனால்தான்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை குறைவு. லேஆஃப் பயம் அதிகம். ஆனாலும் அன்று இரண்டாவது கட்டத்தில் எழுதியிருந்ததை அழித்தேன். ஓர் இரவு ரிலீஸ் கவிழ்ந்தது என் கோடால், சரிசெய்தது ஜூனியர் பையன் என்று எழுதினேன். சப்மிட் பொத்தானை அழுத்த மட்டும் ரொம்ப நேரம் ஆனது.