மாயாவியின் மறுவருகை: படக்கதை மறுபதிப்பும் பதிப்பு நெறியும்

மறக்கப்பட்ட வீரரை மீண்டும் உலவவிடுதல் நம் இலக்கிய உலகிற்குப் புதிதன்று. ஏட்டில் கிடந்த சீவகனை உ.வே. சாமிநாதையர் 1887-இல் அச்சேற்றினார். கூத்தரங்கில் வாழ்ந்த மதுரை வீரன் 1956-இல் திரையேறினான். முன்னது உள்ளதை உள்ளவாறு காக்கும் நெறி; பின்னது காலத்திற்கேற்ப மாற்றிப் புனையும் நெறி. படக்கதை வீரர்க்கு இவ்விரண்டனுள் எது வாய்த்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. படக்கதையும் ஆராய்ச்சிக்குரியதோ என வினவுவார் உளர். அச்சில் வந்து அரை நூற்றாண்டு படிக்கப்பெற்ற ஒன்றை ஆராயாது விடுதற்கு அவர் காரணம் கூறட்டும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த கரிசல். அவ்வறட்சியே அண்மையிலுள்ள சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்கள் தழைக்கத் துணைநின்றது. குமாரலிங்கபுரம் போன்ற சிற்றூரில் ஒரு சிறுவன் இலண்டன் படக்கதை வீரனைத் தமிழில் அறிந்தானாயின், அது பெரும்பாலும் சிவகாசி அச்சின் கொடையேயாகும். அங்கு 1972-இல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’, முல்லை தங்கராசனை ஆசிரியராகக் கொண்டு, ‘இரும்புக்கை மாயாவி’யை முதல் நூலாக வெளியிட்டது.

இப்பெயரே நுணுகி நோக்கற்பாலது. 1962-இல் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கில வார இதழில் தோன்றிய இவ்வீரனின் இயற்பெயர் லூயி கிராண்டல். கையிழந்து எஃகுக்கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் தாக்கியவுடன் அக்கை ஒன்றொழிய உடல் முழுதும் மறையப்பெறுவான். ஆங்கிலப் பெயரோ எஃகாலாகிய கூருகிர் என்றே பொருள்படும். மறையும் ஆற்றலை அது சுட்டுவதில்லை. தமிழ்ப்பெயர் உகிரைக் கையாக்கிக் கொடுமையைக் குறைத்தது. ‘மாயாவி’ எனச் சேர்த்து வியப்பைக் கூட்டியது. தொடக்கக் கதையில் கிராண்டல் குற்றம் புரிபவன். பின்னரே ஒற்றர் படையினன் ஆகின்றான். ஆங்கிலப் பெயரில் அத்தொடக்கத்தின் கறை எஞ்சியுள்ளது. மாரீசனையும் மயிலிராவணனையும் கேட்டு வளர்ந்த செவிக்கோ ‘மாயாவி’ பழகிய சொல். ஒரு பெயர் மொழிபெயர்ப்பில் உரையாகவும் ஆகிவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வாரந்தோறும் சில பக்கங்களாக வந்த தொடர் தமிழில் ஒரே நூலாயிற்று. வாரக்கடைசியில் அடுத்த இதழை வாங்கச் செய்தற்கென வைத்த இடர்கள் நூல்வடிவில் அடுத்தடுத்து வந்து மோதுகின்றன. கதைக்கு ஒரு பதற்றமான ஓட்டம் இதனால் வாய்த்தது. இதனைக் குறையென்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

இனி மறுவருகைக்கு வருவோம். ஆங்கில வீரருட் பலர் இதழ்கள் நின்றபின் மங்கினர். 2005-இல் ஆலன் மூர் கதைக்கருவமைக்க, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’, கிராண்டல், ஸ்பைடர் முதலியோரை ஸ்காட்லாந்துக் கோட்டையொன்றில் அரசு அடைத்துவைத்ததாகப் புனைந்தது. வீரரை மறந்த நாட்டின் குற்றவுணர்வே அதன் பொருள். மதுரை வீரனுக்கு வாய்த்த நெறி அது.

சிவகாசியின் நெறி வேறு. 1984-இல் எஸ். விஜயன் தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’, 2012-இல் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வழியே புத்துயிர் பெற்றபின், பழைய வீரர் பலர் மறுபதிப்பாகவே மீண்டனர். இதனைக் கற்பனை வறட்சி எனல் பொருந்தாது. கூத்தன் மதுரை வீரனை மாற்றிப் பாட யாருடைய இசைவும் வேண்டான். மாயாவியோ பிறர் உடைமை. 2018 முதல் அவ்வுரிமை ஆக்ஸ்போர்டிலுள்ள ‘ரெபெல்லியன்’ நிறுவனத்தினது. சித்திரமும் கதையும் அயலாருடையனவாக, தமிழுக்கே உரியன பெயரும் உரையாடலுமே.

ஆதலின் இங்கு உயிர்ப்பிக்கத்தக்கது அத்தமிழே. மறுபதிப்பை விரும்புவார் பெரும்பாலும் இளமையில் அதனைப் படித்தோர். அவர் தேடுவது சித்திரத்தை மட்டுமன்று, அன்று கேட்ட சொல்லையும் ஆகும். பழைய உரையாடலைச் செப்பனிட்டு வெளியிடின் அவரும் ஏமாறுவர். அந்நாளைய வணிக இதழ்நடையை ஆராய்வார்க்கும் சான்று அழியும். மட்டமான தாளில் அச்சிட்ட முதற்பதிப்புகளோ பழுத்து உதிர்கின்றன. சங்கநூற் பதிப்பில் பாடவேறுபாடு காட்டும் நாம், அரை நூற்றாண்டுக்கு முந்திய அச்சுத் தமிழுக்கு அவ்வுரிமையை மறுத்தல் முறையாகாது. மறுபதிப்பின் முதற்பக்கத்தில் முதல் வெளியீட்டின் ஆண்டும், மூல இதழின் பெயரும், மொழிபெயர்த்தார் பெயரும், உரையாடலை மாற்றியிருப்பின் அம்மாற்றமும் குறிக்கப்படுதல் வேண்டும். அதற்கு அரைப்பக்கம் போதும்.