சொந்த வலி போதுமா?

ஸ்டார்ட்அப் யோசனைகளைக் கண்டுபிடிப்பது பற்றி பால் கிரஹாம் 2012-இல் எழுதிய கட்டுரையை என் வயது இன்ஜினியர்கள் பலர் வேதம் மாதிரி படிக்கிறோம். யோசனையைத் தேடாதே, பிரச்சினையைத் தேடு. முடிந்தால் உனக்கே இருக்கிற பிரச்சினையை எடு. அதுதான் சாரம்.

இதன் பலம் பொய்யான யோசனைகளை அடையாளம் காட்டுவது. செல்லப்பிராணி வளர்ப்பவர்களுக்கு ஒரு சமூக வலைத்தளம் என்று அவர் ஓர் உதாரணம் தருகிறார். கேட்க நல்லாத்தான் இருக்கும், பயன்படுத்த ஆள் இருக்காது. நம் நாட்டுச் சாட்சி கிராப். கோலாலம்பூரில் வேலை முடிந்து இரவில் தனியாக டாக்சி ஏறிய பயம் டான் ஹூய் லிங்கின் சொந்த அனுபவம். 2012-இல் மைடெக்சி பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஜொகூர் பாலத்துக்கு வந்தால் இந்த அறிவுரை தடுமாறுகிறது. விடியற்காலையில் உட்லண்ட்ஸ் நோக்கி மோட்டாரில் நிற்கிறவனுக்கு வலி சொந்தம், தினசரி. நானும் நண்பர்களும் நெரிசலைக் காட்டும் செயலி ஒன்று செய்தோம். நெரிசலைக் காட்டியது, குறைக்கவில்லை. வேலைக்குப் போகிறவன் எப்படியும் போய்த்தானே ஆகணும்? எங்களிடம் இல்லாதது தகவல் அல்ல, வழி. புக்கிட் சாகாரிலிருந்து 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் என்பது இரண்டு அரசாங்கங்களின் வேலை. வலி உண்மையானதா என்று கேட்டோம். அதன் காரணம் நம் கைக்கு எட்டுமா என்று கேட்கவே இல்லை.

இன்னொரு பக்கம் கோயம்புத்தூர் முருகானந்தம். மாதவிடாய் அவருடைய பிரச்சினை அல்ல, மனைவியுடையது. பஞ்சு வைத்துச் செய்து தோற்றார். சோதித்துச் சொல்லப் பெண்கள் கூச்சப்பட்டதால், பந்துக்குள் இருக்கும் பிளாடரில் ஆட்டு இரத்தம் நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் சிரித்தது, மனைவி பிரிந்து போனார். கடைசியில் மூலப்பொருள் மரக்கூழ் நார் என்று தெரிந்ததும், அதை நாப்கினாக்கும் மலிவான இயந்திரத்தை வடிவமைத்தார்.

தன்னுடைய பிரச்சினையாக இருந்தால் நல்லது என்றுதான் கிரஹாம் சொல்கிறார், கட்டாயம் என்று சொல்லவில்லை. அதை விதியாக்கியது படித்த நாம். புரோகிராம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் தங்கள் வலியை மட்டும் தேடினால், சாப்பாடு டெலிவரிக்குப் பத்துச் செயலி வரும். அம்மாக்களின் பிரச்சினை அப்படியே கிடக்கும். அடுத்தவர் வலியை எடுக்கலாம். ஆனால் முருகானந்தம் மாதிரி அதைக் கொஞ்ச தூரமாவது சுமந்து நடந்து பார்த்திருக்க வேண்டும்.