சாளரங்களும் முகமூடிகளும்

'பெர்சோனா' என்னும் இலத்தீன் சொல் முதலில் நாடக மேடையின் முகமூடியைக் குறித்தது. பின்னரே மனித ஆளைக் குறிக்கலாயிற்று. முகமூடி எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்னும் அப்பழைய வினாவை இணையத்தின் முன்னிலையில் மீண்டும் எழுப்பிய நூல், ஷெரி டர்க்கிள் 1995இல் வெளியிட்ட 'லைஃப் ஆன் த ஸ்கிரீன்'.

ஆசிரியர் சமூகவியலிலும் ஆளுமை உளவியலிலும் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். கணினித் திரையில் ஒரே வேளையில் பல சாளரங்கள் திறந்திருக்கின்றன. ஒன்றில் மாணவர் பாடம் எழுதுகிறார். மற்றொன்றில் வேறு பெயர் பூண்டு, எழுத்தாலான விளையாட்டுலகில் உலவுகிறார். இவ்வமைப்பையே மனித உள்ளத்தின் உருவகமாகக் கொள்கிறார் ஆசிரியர். 'நான்' என்பது ஒன்றன்று, பலவாய்ப் பரந்தது என்பது அவர் கருத்து. இளமையில் பல வேடங்களை அணிந்து பார்த்துத் தன்னைக் கண்டடைய ஓர் இடைக்காலம் வேண்டும் என்ற எரிக் எரிக்சனின் கொள்கையை இணையத்திற்குப் பொருத்திக் காட்டும் பகுதி நூலுக்கு அணி சேர்க்கிறது.

ஆயினும் நமக்கு ஐயம் எழாமலில்லை. 1980களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஒருவர், கணினி உரையாடலில் தம்மை ஊனமுற்ற பெண்ணாகக் காட்டிப் பெண்கள் பலரின் நட்பைப் பெற்றார். உண்மை வெளிப்பட்டபோது அவரை நம்பியவர்கள் மனம் புண்பட்டனர். வேடம் ஒரு சாளரத்துக்குள் இருந்தது. காயமோ அதற்குள் நிற்கவில்லை. சாளரத்தை மூடினால் பொறுப்பும் மூடிக்கொள்ளுமோ? பல 'நான்'களுக்கிடையே ஒத்திசைவு வேண்டும் என்று ஆசிரியரும் கூறுகிறார். அப்படியானால் ஒத்திசைப்பவர் யார்? அவரைப் பற்றியே நாம் மேலும் கேட்க விழைகிறோம்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 2004இல் தோன்றிய ஃபேஸ்புக், ஒருவருக்கு ஒரே பக்கம், அதுவும் உண்மைப் பெயரில் என்னும் முறையை வளர்த்தது. பத்தாண்டுக்குள் மனித உள்ளமா மாறிவிட்டது? மாறியது கருவியின் வடிவமைப்பே. ஆகவே கருவியின் வடிவம் உள்ளத்தை விளக்க உவமையாகலாம், சான்றாகாது.

2011இல் வெளிவந்த 'அலோன் டுகெதர்' நூலில் இவ்வாசிரியரே, கருவிகள் நம்மை இணைத்தவாறே தனிமைப்படுத்துவதைக் கவலையோடு சுட்டுகிறார். முந்தைய நம்பிக்கையை மறுபரிசீலனை செய்யும் அந்நேர்மை போற்றத்தக்கது. இரு நூல்களையும் சேர்த்தே படிக்கப் பரிந்துரைக்கிறோம். சாளரங்கள் எத்தனை ஆயினும், அவற்றைத் திறந்த கை ஒன்றே. விடை கூற வேண்டியவரும் அவர் ஒருவரே அன்றோ!